'மே' என்னும் ஆங்கில வினையும் இலங்கை மொழிச் சட்டங்களும்

சட்டமொன்றைப் படிப்போர் பெரும்பாலும் அதன் பெயர்ச்சொற்களையே நோக்குவர். மொழி, மாகாணம், பரீட்சை, உத்தியோகம் என்பன கண்ணிற் படும். அவற்றை ஆளும் வினைச்சொல் கண்ணிற் படாது கழியும். ஆயினும் உரிமை உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது வினைச்சொல்லே. ஆங்கிலத்தில் மூன்றெழுத்தாலான 'மே' என்னும் துணைவினை இலங்கைத் தமிழரின் வரலாற்றிற் பெற்ற இடம் இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினை வலிமையுடைமையைக் குறித்தது. வலிமை எனப் பொருள்படும் 'மைட்' என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லும், ஆற்றல் எனப் பொருள்படும் 'மாஃக்ற்' என்னும் ஜெர்மானியச் சொல்லும் இதனோடு ஒரு வேரிற் பிறந்தவை. காலப்போக்கில் ஆற்றற் பொருளை 'கான்' என்னும் வினை கவர்ந்துகொண்டது. அறிதல் என்பதே 'கான்' என்பதன் முதற் பொருள். எஞ்சிய 'மே' மூன்று பொருள்களில் நிலைத்தது: இசைவு தருதல், நிகழக்கூடுமை, வாழ்த்து. இதற்கு எதிர் நிற்பது 'ஷல்' என்னும் வினை. அதன் பழம் பொருள் கடன்படுதல். கடனையும் குற்றத்தையும் குறிக்கும் 'ஷுல்ட்' என்னும் ஜெர்மானியச் சொல் அதற்கு இனமானது. ஆகவே, பிறப்பளவில் ஒன்று வலிமையின் வினை. மற்றொன்று கடமையின் வினை.

தமிழிலும் இவ்வேறுபாடு தெளிவாக உண்டு. 'செய்யலாம்' என்பது செய்யல், ஆம் என்னும் இரண்டன் சேர்க்கை. 'நாளை மழை பெய்யலாம்' என்புழி அது நிகழக்கூடுமையையும், 'நீர் உள்ளே வரலாம்' என்புழி இசைவையும் காட்டும். வாழ்த்துப் பொருளைத் தமிழ் தனியே பிரித்து, 'வாழ்க' என்னும் வியங்கோளிடம் ஒப்புவித்தது. 'ஷல்' என்பதற்கு நேராகக் 'கடவது' என்னும் வழக்கு உளது. கடன், கடமை, கடப்பாடு என்பவற்றோடு வைத்து எண்ணத்தக்க அச்சொல், ஆங்கில வினையின் பழம் பொருளோடு ஒத்திருத்தல் வியத்தற்குரியது. இலங்கைச் சட்டத் தமிழ் 'கடவது' என்பதை விடுத்துச் 'செய்தல் வேண்டும்' என்னும் வாய்பாட்டை மேற்கொண்டது. 'மே' வருமிடத்துச் 'செய்யலாம்' என்றே எழுதிற்று.

வகுப்பறையில் மாணவனொருவன் 'வெளியே செல்லலாமா' என்று கேட்கும்போது, விடையளிக்கும் அதிகாரம் ஆசிரியரிடம் உளது. இசைவுப் பொருளின் இயல்பு இதுவே. இசைவளிப்பவர் ஒருவர் உளர். அவர் மறுக்கவுங் கூடும். சட்டத்தில் 'மே' வந்தால் நீதிமன்றம் யாது செய்யும் என்பது இங்கிலாந்தில் நெடுங்காலம் ஆராயப்பட்டது. இத்தகைய வினா யூலியஸ் என்பாருக்கும் ஒக்ஸ்போர்ட் மேற்றிராணியாருக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில், 1880 ஆம் ஆண்டு, பிரபுக்கள் சபை முன் வந்தது. இசைவு தரும் சொற்கள் அதிகாரத்தை மட்டுமே வழங்கும் என்பதும், அவ்வதிகாரம் பிறர் நன்மைக்காக ஒப்படைக்கப்பட்ட இடத்து அதனைச் செலுத்துங் கடமையும் உடன் சேரக்கூடும் என்பதும் அங்குத் தெளிவாயின. எனவே 'மே' சிலவிடத்துக் கடமையைத் தழுவும். ஆயின் அக்கடமையை வழக்காடியே நிறுவுதல் வேண்டும்.

இனி இலங்கை நிலையை நோக்குதல் தகும். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் மிகச் சிறியது. சிங்களமே ஒரேயோர் அரசகரும மொழி என்ற அதன் தலைமை வாக்கியம் 'ஷல்' என்னும் வினையால் முடிந்தது. உடனே மாற்றுதல் இயலாதென அமைச்சர் கருதும் கருமங்களில், அதுகாறும் வழங்கிய மொழிகள் 1960 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 வரை தொடரலாம் என்ற விலக்கு 'மே' என்னும் வினையால் அமைந்தது. கடமை ஒரு மொழிக்கு. தவணை பிற மொழிகளுக்கு. இம்மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்த 1956 யூன் 5 ஆம் நாள் காலிமுகத் திடலிற் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் தாக்குண்டனர்.

1958 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், தமிழரசுக் கட்சிப் பிரதிநிதிகள் தடுப்புக் காவலில் இருந்த வேளையில், 28 ஆம் இலக்கத் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறிற்று. அதன் பிரிவுகளை வினைச்சொல் நோக்கி வகுத்தால் ஓர் உண்மை புலனாகும். தமிழ் மாணவர் தமிழிற் கற்பதும், தமிழிற் கற்றோர் அரசாங்க சேவைப் பரீட்சைக்குத் தமிழில் தோற்றுவதும் 'ஷல்' என்னும் வினையோடு உரிமையாகக் கூறப்பட்டன. எனினும் பரீட்சையெழுதிச் சேவையிற் சேர்வோருக்குச் சிங்கள அறிவு நிபந்தனையாக்கப்படலாம் எனவும் சேர்க்கப்பட்டது. அரசாங்கத்தோடு தமிழிற் கடிதத் தொடர்பு கொள்ளுதலும், வடக்குக் கிழக்கு மாகாணங்களில் நிருவாகத்துக்குத் தமிழைப் பயன்படுத்துதலும் 'மே' என்னும் வினையோடு நின்றன. அவற்றிலும் 'விதிக்கப்பட்டவாறு' என்ற தொடர் ஒட்டிக்கொண்டது. விதிப்பதற்குப் பிரமாணங்கள் வேண்டும். அப்பிரமாணங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 1966 ஆம் ஆண்டு சனவரியிலே. ஏறத்தாழ ஏழாண்டுகளுக்கு மேலாகச் சட்டம் இருந்தது, இசைவு இருந்தது, செயல் இல்லை.

இவ்விடைவெளி எவரைத் தாக்கிற்று? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்து கோட்டைக் கந்தோர்களுக்குச் சென்றுவந்த தமிழ் இலிகிதரைத் தாக்கிற்று. ஆங்கிலத்தைப் பிழையறக் கற்றுச் சேவையிற் புகுந்த அவர்கள், சிங்களத் தேர்ச்சியின்றிச் சம்பள ஏற்றம் பெறல் இயலாதாயிற்று. 1961 ஆம் ஆண்டின் திறைசேரிச் சுற்றுநிருபத்தின் கீழ் 1962 ஆம் ஆண்டுக்குரிய ஏற்றம் மறுக்கப்பட்ட செல்லையா கோடீஸ்வரன் என்னும் இலிகிதர் வழக்குத் தொடர்ந்தார். அவர் பற்றிய சட்டவாதமும் ஒரு 'ஷல்' மீதே நின்றது. ஒரு சமூகத்தார்க்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டம் ஆக்கப்படலாகாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவே அது. 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரியவர் மீது வழக்கிடல் இயலாதெனக் கூறி அதனை மாற்றியது. 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்கிடலாம் என்று தீர்த்து, மொழிச் சட்டத்தின் செல்லுபடியை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பிற்று. அவ்வினாவுக்கு விடை கிடைக்குமுன் 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 29 ஆம் பிரிவையே அகற்றியது.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே வினை விவாதத்துக்கு உள்ளாயிற்று. 1965 சனவரி 26 க்குப் பின்னரும் ஆங்கிலம் இந்தியோடு தொடரலாம் என்ற இந்திய ஆட்சிமொழிச் சட்டம் 1963 இல் வந்தபோது, அதில் இருந்ததும் 'மே' என்பதே. அது 'ஷல்' என்னும் பொருளையே அவ்விடத்துத் தரும் என்று பிரதமர் நேரு விளக்கினார். அங்ஙனமாயின் அச்சொல்லையே இடுதற்குத் தடை யாது என்ற வினாவை அண்ணாதுரை மாநிலங்களவையில் எழுப்பினார். விளக்கம் சொல்லியவரின் ஆயுளோடு முடியக்கூடும். சட்டத்தின் சொல் அவருக்குப் பின்னும் நிற்கும். 1964 இல் நேரு மறைந்தார். 1965 இல் தமிழகம் கிளர்ந்தெழுந்தது. 1967 இறுதியில் நிறைவேறிய திருத்தம், இந்தியை ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு கொள்ளும் தொடர்புக்கு ஆங்கிலத்தையே பயன்படுத்துதல் வேண்டும் என 'ஷல்' என்னும் வினையை இட்டது.

இலங்கையில் அம்மாற்றம் மேலும் இருபதாண்டு தாமதித்தது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம், தமிழும் அரசகரும மொழியொன்றாதல் வேண்டும் எனக் கூறிற்று. 1958 இன் 'மே' 29 ஆண்டுகளின் பின் 'ஷல்' ஆயிற்று. ஆயினும் முதல் வாக்கியத்திற் சிங்களமும், அடுத்த வாக்கியத்தில் 'தமிழும்' என்ற உம்மையும் நிற்றல் நோக்கற்பாலது. 1991 ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைந்தது. அதன் பின்னரும் தமிழருக்குச் சிங்களத்திற் கடிதம் வருதலும், படிவங்கள் தமிழிற் கிடையாமையும் முற்றாக ஒழிந்தில.

இதனாற் பெறப்படுவன இரண்டு. சட்டம் ஆக்கப்படும்போதே அதன் வினைச்சொல்லை ஆராய்தல் மக்களின் கடன் என்பது ஒன்று. 'செய்யலாம்' என்பதை ஏற்றுப் பின்னர்ச் 'செய்தல் வேண்டும்' என வாதிடுதல் நெடுவழி. 'செய்தல் வேண்டும்' என எழுதப்பட்டபின்னும் அதனை நிறைவேற்றும் ஆளும் பொருளும் வேண்டும் என்பது மற்றொன்று. தமிழிற் செயலுக்கும் அதைக் குறிக்குஞ் சொல்லுக்கும் வினை என்பதே பெயர். ஏட்டில் வினைச்சொல் திருந்தியபின் கந்தோரில் வினை நிகழ்தல் வேண்டும். இன்று மொழியைக் கற்கும் மாணவர் இலக்கணப் பாடத்திற் காணும் சிறு துணைவினையையும் இகழாது கற்பாராக.