ஒரே பெயர், இரண்டு ஆல்பம்

டெப்பெஷ் மோடின் முதல் ஆல்பமான 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்'லை 1981இல் இங்கிலாந்தில் வெளியிட்டது மியூட் நிறுவனம். அதில் 'ஐ சம்டைம்ஸ் விஷ் ஐ வாஸ் டெட்' என்றொரு பாட்டு. தலைப்புதான் சாவைப் பேசுது, மெட்டு துள்ளுது. அமெரிக்காவில் சயர் விற்ற தட்டில் அந்தப் பாட்டைக் காணோம். பதிலுக்கு, இங்கிலாந்து ஆல்பத்தில் இடம்பெறாத முதல் சிங்கிள் 'ட்ரீமிங் ஆஃப் மீ' வந்தது.

இரண்டையும் எழுதியவர் வின்ஸ் கிளார்க். அந்த ஆண்டு முடியுமுன்பே குழுவை விட்டுப் போயிட்டார். அவர்களோடு அவர் செய்த ஒரே ஆல்பத்துக்கு இப்படி இரண்டு முகம். 2006 மறுவெளியீட்டில் இரு பாட்டும் சேர்ந்தே இருக்கு. ஆனா அன்று தட்டு வாங்கியவர் கேட்டது, அவர் நாட்டுக்கு வந்த கிளார்க்கை மட்டும்தான். நாம் 'அசல்' என்று சொல்லும்போது எந்த ஊர்க் கடையில் வாங்கியதைச் சொல்றோம்?