பொத்தானும் பாதிரியும்

கோவில்பட்டிப் பக்கம் சட்டையில் பொத்தான் அறுந்துபோனால் வீட்டில் ஊசியும் நூலும் தேடுவார்கள். பொத்தான் எந்த ஊர்ச் சொல் என்று யாரும் தேடுவதில்லை. அது போர்த்துகீசியம். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாமே அதே கப்பலில் வந்து இறங்கியவைதான். இதே பொத்தான் ஜப்பானிலும் இருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் ‘பொதான்’.

கரிசல் மண்ணிலிருந்து தென்கிழக்கே அறுபது கிலோமீட்டர் போனால் தூத்துக்குடி. பிரான்சிஸ் சேவியர் 1542ல் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். ஏழு வருஷம் கழித்து, 1549ல், ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். ஒரே ஆள், ரெண்டு கரை. போர்த்துகீசிய வியாபாரிகள் ரெண்டு இடத்துக்கும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். அதனால் ‘பாத்ரே’ நமக்குப் பாதிரி ஆனார், நாம் ஒரு ‘யார்’ சேர்த்துப் பாதிரியார் ஆக்கிக்கொண்டோம். ஜப்பானில் அவர் ‘பதெரென்’. 1587ல் ஹிதெயோஷி அவர்களை நாட்டைவிட்டுப் போகச் சொன்ன ஆணைக்கும் அந்தப் பெயர்தான். ரொட்டிக்கு ஜப்பானியர் ‘பான்’ என்கிறார்கள், இலங்கைத் தமிழர் ‘பாண்’ என்கிறார்கள். அதுவும் ஒரே சொல்தான்.

இவற்றை எழுதும் விதத்தில்தான் வித்தியாசம். ஜப்பானியர் சீனத்திலிருந்து வந்த கான்ஜியையும் (நம்ம கம்மங்கஞ்சி இல்லை), அதோடு ஹிராகானா, கத்தகானா என்ற ரெண்டு அசையெழுத்துகளையும் கலந்து எழுதுகிறார்கள். பௌத்தத் துறவிகள் சீன நூல்களுக்குக் குறிப்பெழுதியபோது எழுத்துகளின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டதில் பிறந்தது கத்தகானா. இன்று வெளிநாட்டுச் சொல் என்றால் பெரும்பாலும் அதில்தான் எழுதுவார்கள். பான் வந்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்னும் விருந்தாளி உடுப்போடுதான் நிற்கிறது. இதைப் பழைய மரபு என்று நினைத்துவிட வேண்டாம். 1889ல் வந்த மெய்ஜி அரசியல் சட்டம் முழுக்கக் கான்ஜியும் கத்தகானாவும்தான். சட்டத்தின் எழுத்தாக இருந்தது, போருக்குப் பிறகு முக்கியமாக அந்நியச் சொல்லின் எழுத்தாகச் சுருங்கிவிட்டது.

தமிழில் தனி உடுப்பு கிடையாது, ‘ஜ’ போன்ற சில கிரந்த எழுத்துகளைத் தவிர. ஊரில் அதையும் விட்டுவைக்கவில்லை, ‘சன்னலைச் சாத்து’ என்பார்கள். அந்த ஒரு ‘ச’வில் சொல் நம்முடையதாகிவிட்டது. பிறகு 1916ல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வந்து சாளரம், திறவுகோல் என்றது. அழகான சொற்கள்தான், ஆனால் திறவுகோலைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற பாட்டியை நான் இன்னும் பார்த்ததில்லை. எனக்கு அந்தச் ‘சன்னல்’ பக்கம்தான் சாய்வு.

சொல்லைச் சலிக்கலாம். எழுத்தை எப்படிச் சலிப்பது? ஜப்பானிய எழுத்தில் ‘ப’ என்ற ஒலிக்குத் தனி எழுத்து இல்லை, ‘ஹ’ எழுத்தின் தலையில் சின்ன வட்டம் போட்டால் ‘ப’. அந்த வட்டத்தை முறையாகப் போட்ட தொடக்ககால அச்சு நூல்களில் ஒன்று, சேசு சபையார் 1598ல் வெளியிட்ட ‘ரகுயோஷூ’ என்ற அகராதி. இங்கே கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் இருந்த வீரமாமுனிவரும் அதே சபைதான், பிறப்பால் இத்தாலியர். கொ, கோ என்று குறிலையும் நெடிலையும் இன்று நாம் பிரித்தெழுதும் சுழி அவர் பெயரில்தான் சொல்லப்படுகிறது.

இப்போது ஊர்ப் பெயரைக் கத்தகானாவில் எழுதிப் பாருங்கள். ‘கோ’வின் நெடிலுக்கு ஒரு கோடு. ‘ப’வின் தலையில் அந்த வட்டம். ‘ட்டி’யின் அழுத்தத்துக்கு ‘த்ஸு’ என்ற எழுத்தைச் சின்னதாகப் போடுவார்கள், இரட்டித்து ஒலிப்பது அவர்களுக்கும் பழக்கம்தான். ‘ல்’ மட்டும் மாட்டிக்கொள்ளும். அவர்களிடம் அது இல்லை, ‘ரு’தான் இருக்கிறது. வாசித்தால் கோவிருபத்தி.