ஊர்ச்சபை இழந்த குளங்கள்: துவாரகாவில் நீர்நிலைக் காவலும் கண்காணிப்பும்

தில்லியின் தென்மேற்கு மாவட்டத்தில் உள்ள துவாரகா, தில்லி வளர்ச்சி ஆணையம் உருவாக்கிய துணைநகரம். பப்பன்கலான் என்ற பழைய பெயரில் தொடங்கிய இத்திட்டம் பாலம், பாக்டோலா, அம்பர்ஹாய், போச்சன்பூர், காக்ரோலா முதலிய கிராமங்களின் நிலத்தில் எழுந்தது. அக்கிராமங்களில் மழைநீரைத் தேக்கும் 'ஜோஹட்' எனப்படும் குளங்கள் இருந்தன. செக்டர் 12-இல் லோதிகள் காலத்துப் படிக்கிணறு ஒன்றும் உண்டு. இக்குளங்கள் கெட்டதற்கு மக்களின் அக்கறையின்மையையோ கழிவுநீரையோ மட்டும் காரணம் காட்டுவது வழக்கம். குளத்துக்கு உரியவர் யார், அதற்கு நீர் வரும் வழி எது என்ற இரு கேள்விகளும் விடையற்றுப் போனதே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். எனவே குடியிருப்போரின் கண்காணிப்பும் நீரின் தரத்துக்கு முன்பாக நிலத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

உரிமை மாறிய வரலாறு

1954-ஆம் ஆண்டின் தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டப்படி கிராமப் பொதுநிலங்கள் ஊர்ச்சபையின் (காவ்ன் சபா) பொறுப்பில் வந்தன. ஒரு கிராமம் நகர்ப்பகுதியாக அறிவிக்கப்பட்டதும் அந்நிலம் மத்திய அரசுக்குச் சென்று, பெரும்பாலும் வளர்ச்சி ஆணையத்தின் கைக்கு வந்தது. வருவாய் ஆவணத்தில் குளம் ஒரு கஸ்ரா (நில அளவை) எண்ணாக நிலைத்தது. அதைத் தூர்வாரவும் வரத்துக்காலைக் காக்கவும் கடமைப்பட்ட அமைப்பு மறைந்தது. புதிய மனை வரைபடங்களில் அந்த எண் பூங்காவாகவோ வெற்றிடமாகவோ தோன்றியது.

இந்த மாற்றத்தின் பொருளை உணரத் தமிழக வரலாறு துணைசெய்கிறது. முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 360 நாள் பதவிக்காலம் கொண்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அங்கே உழைப்பும் அதிகாரமும் ஊராரிடமே இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில் பாசன அதிகாரம் அரசிடம் சேர்ந்தபின், ஊரார் தாமே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து வேலையை மட்டும் மக்கள்மீது சுமத்த 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமை போனபின் உழைப்பைச் சட்டத்தால் மீட்க முடியவில்லை. குடிமராமத்து தொடர்ந்து தேய்ந்தது. துவாரகாவில் சட்டத்தின் பெயர்தான் வேறு. நிர்வாகம் ஆணையத்திடம் இருக்க, அக்கறை மட்டும் குடியிருப்போரிடம் எதிர்பார்க்கப்படுகிறது.

நீர்வழி அறுந்த விதம்

தில்லியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. ஜோஹட் அந்த மழையை நம்பியே இருப்பது. துணைநகரத்தின் அகன்ற சாலைகள், சுற்றுச்சுவர்கள், மேடாக்கப்பட்ட மனைகள் ஆகியவை சரிவை மாற்றின. சாலையோர மழைநீர் வடிகால்கள் நீரை நஜப்கர் வடிகாலை நோக்கி விரைந்து அனுப்பின. ஆக்கிரமிப்பு இல்லாத குளமும் இதனால் வறண்டது. கரை இருந்தும் வரத்து இல்லாத நிலை இது.

செக்டர் 23-இல் போச்சன்பூரை ஒட்டிய 'நயா ஜோஹட்' மீட்பு இதற்கு மறுதலையான சான்று. குடியிருப்போரும் கிராமத்தாரும் வளர்ச்சி ஆணையத்துடன் இணைந்து, சுற்றுப்புற மழைநீரைக் குளத்தை நோக்கித் திருப்பியதே அங்கு மாற்றத்துக்கு வழிவகுத்தது. முதியோரின் நினைவும் வருவாய்ப் பதிவேடும் சேர்ந்தே குளங்களை இனங்காட்டின. குளங்கள் பொதுச் சொத்து, அவற்றை வேறு பயனுக்கு மாற்றலாகாது என்று 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது இத்தகைய முயற்சிகளுக்குச் சட்ட வலு தந்தது.

எதை அளப்பது

நீரின் தெளிவை அளக்க இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865-இல் வகுத்த, நீரில் இறக்கிக் கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கும் வட்டத்தட்டு, இன்றும் உலகெங்கும் தன்னார்வலர் கையில் உள்ள கருவி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1973 முதல் பொதுமக்கள் இவ்வகையில் ஏரிகளை அளந்து வருகின்றனர். ஆழமான ஏரிக்குப் பொருந்தும் இம்முறை, தட்டு தரையைத் தொட்டுவிடும் ஆழமற்ற ஜோஹட்டுக்குப் போதாது. அங்கு நீர்மட்டக் கோல், மழைக்குப் பின் நீர் நிற்கும் நாட்கள், வரத்துவாய்களின் நிலை ஆகியவையே முதன்மையான பதிவுகள்.

தரத்தை அளப்பதிலும் நேரம் முக்கியம். குளிக்கத் தகுந்த நீருக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. பாசி மிகுந்த குளத்தில் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் உயர்கிறது. இரவு முழுவதும் செலவாகி விடியலுக்கு முன் அடிமட்டத்தை எட்டுகிறது. நண்பகல் மாதிரி நலம் என்று காட்டும் அதே குளத்தில் விடியலில் மீன் செத்து மிதக்கலாம். ஆய்வாளர் வந்துபோகும் ஒரு நாள் அளவீட்டைவிட, அருகில் வாழ்வோரின் விடியற்காலப் பதிவுக்கு மதிப்பு மிகுவது இதனால்தான்.

வரும் நீர் எல்லாமே நன்னீர் ஆகிவிடாது. துவாரகா குடியிருப்புச் சங்கங்களின் மழைநீர் சேகரிப்புக் குழிகளால் நிலத்தடி நீர் மாசுபடுவதாக எழுந்த புகார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கழிவுநீர் கலந்த வடிகாலைக் குளத்துக்குத் திருப்பினால் நைட்ரஜனும் பாஸ்பரசும் சேர்ந்து ஆகாயத்தாமரை மண்டும். வரத்தைத் திறப்பதும் அதன் தூய்மையைச் சோதிப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகள்.

மறுப்புகள்

தன்னார்வலரின் அளவீடு துல்லியமற்றது என்பர். ஆய்வகத் துல்லியம் தேவைப்படும் இடத்தில் இது உண்மை. ஆயினும் அடைபட்ட வரத்துவாயையும் கொட்டப்பட்ட கட்டட இடிபாட்டையும் காண ஆய்வகம் வேண்டியதில்லை. நாள் குறித்த படமும் கஸ்ரா எண்ணும் போதும்.

மக்கள் என்பவர் யார் என்பதே இதைவிடக் கடினமான கேள்வி. அடுக்ககங்களில் வாழ்வோர் நடைபாதையும் வேலியும் சூழ்ந்த அழகிய ஏரியை விரும்புவர். பழைய கிராமத்தாருக்கு அது கால்நடைக்கான நீர். கிழக்கு உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்த பூர்வாஞ்சலிகளுக்குச் சூரியனை வணங்கும் சத் பூசைத் துறை. அழகுபடுத்தலுக்காகக் கரையைக் கான்கிரீட்டால் மூடும்போது சரிவும் ஊறலும் தடைபடுகின்றன. ஒரு தரப்பாரின் விருப்பமே திட்டமாகும் இடத்தில் காவலும் அவர்களோடு நின்றுவிடும்.

தீர்வின் வடிவம்

2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்க 2019-இல் தில்லி ஈரநில ஆணையம் அமைக்கப்பட்டது. நகரின் நீர்நிலைகளுக்குத் தனி எண்கள் வழங்கும் பணியும் நடந்தது. எண் இருந்தால் குளம் ஆவணத்திலிருந்து காணாமற்போவது கடினம். ஆனால் எண்ணுக்குப் பின்னால் பதில் சொல்லக் கடமைப்பட்ட அலுவலர் இல்லையெனில் அது பழைய கஸ்ராவின் புது உருவமே. ஒவ்வொரு குளத்துக்கும் கிராமத்தாரும் குடியிருப்போரும் சேர்ந்த குழு, பொதுவில் வைக்கப்படும் பதிவேடு, குழுவின் அறிக்கைக்குக் குறித்த நாளுக்குள் எழுத்துமூலம் விடையளிக்கும் கடமை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும். உரிமையில் பங்கு தராமல் காவலை மட்டும் கேட்கும் ஏற்பாடு 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தோடே தோற்றுவிட்டது.