பெருகும் டிஜிட்டல் மருத்துவத் தளங்கள்: நோயாளியின் ஆவணம் யார் கையில்?

புதுதில்லி: ஒரு மருத்துவமனையில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லாததால், வேறொரு மருத்துவமனையில் அதே பரிசோதனையை மீண்டும் செய்துகொள்வது நோயாளிகளுக்குப் பழகிப்போன ஒன்று. இந்நிலையை மாற்றும் நோக்கில், ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. முன்னதாகப் புதுச்சேரி, லடாக், லட்சத்தீவு உள்ளிட்ட 6 யூனியன் பிரதேசங்களில் இது சோதனை முறையில் செயல்படுத்தப்பட்டது. தேசிய சுகாதார ஆணையம் இதனை நிர்வகிக்கிறது.

இதன் அடித்தளம் 'ஆபா' எனப்படும் 14 இலக்க அடையாள எண். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை வழங்கும் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டையும் இதுவும் ஒன்றே எனப் பலர் கருதுவது தவறு. ஆபா எண் காப்பீடு அன்று. அதைப் பெற வருமான வரம்பு இல்லை, பெறுவது கட்டாயமும் இல்லை. ஆவணங்கள் ஒரே மையக் கணினியில் குவிக்கப்படுவதில்லை. அவை உருவான மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோதான் இருக்கும். நோயாளி கைபேசி வழியே ஒப்புதல் அளித்த பின்னரே, ஒப்புதலில் குறித்த காலத்துக்கு மட்டும், மற்றொரு மருத்துவர் அவற்றைப் பார்க்க இயலும். ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வழியுண்டு.

மக்கள் முதலில் உணர்ந்த பயன் இதனினும் எளியது. 2022 அக்டோபரில் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறிமுகமான முறைப்படி, க்யூஆர் குறியீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால் புறநோயாளிப் பதிவு முடிந்து டோக்கன் கிடைக்கிறது. நீண்ட வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை.

தொலைமருத்துவத்தில் முன்னணியில் இருப்பது, மொகாலியில் உள்ள சி-டாக் உருவாக்கிய இ-சஞ்சீவனி. 2019 நவம்பரில் தொடங்கிய இச்சேவை, ஊரடங்கு காலமான 2020 ஏப்ரலில் பொதுமக்களுக்கு நேரடியாகத் திறக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் 10 கோடி ஆலோசனைகளைக் கடந்தது. இவற்றில் பெரும்பகுதி வீட்டிலிருந்து பெறப்பட்டவை அல்ல. கிராம சுகாதார மையத்தில் சமுதாய சுகாதார அலுவலர் ரத்த அழுத்தத்தை அளந்து, நோயாளியை அருகில் அமர்த்திக்கொண்டு, தொலைவில் உள்ள மருத்துவருடன் காணொலியில் பேசுகிறார். வயிற்றை அழுத்திப் பார்க்க இயலாத மருத்துவருக்கு அவரே கையும் கண்ணும். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, போதை மருந்துகள் உள்ளிட்ட சிலவற்றை இம்முறையில் பரிந்துரைக்க இயலாது.

வளர்ச்சியுடன் இடரும் சேர்ந்தே வருகிறது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, பதிவுகள் பல நாள்கள் காகிதத்தில் எழுதப்பட்டன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டபோதிலும், முந்தைய 2019 மசோதாவில் இருந்ததுபோல் உடல்நலத் தரவு தனி வகையாக அதில் பிரிக்கப்படவில்லை.

ஒப்புதல் முறையிலும் ஓர் இடைவெளி உள்ளது. ஒரே கைபேசியைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் வீடுகளில், ஓடிபி எண் சென்று சேர்வது அதை வைத்திருப்பவரிடமே, நோயாளியிடம் அன்று.