புத்தரிக்கண்டம்: பெயரில் எஞ்சிய வயல்

ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்குக் கோட்டை வழியாகத் தம்பானூருக்குச் செல்பவர் புத்தரிக்கண்டம் மைதானத்தைக் கடந்தே போகிறார். இன்று அது பொதுக்கூட்டங்களுக்கும் பொருட்காட்சிகளுக்கும் உரிய திடல். ஒரு பகுதியில் ஈ.கே. நாயனார் பெயரில் பூங்கா. பெயரோ வேறொன்றைச் சொல்கிறது. புத்தரி என்பது புது அரிசி. கண்டம் என்றால் தமிழில் துண்டு. மலையாளத்தில் வரப்பிட்டுப் பிரித்த வயல். பத்மநாபசுவாமி கோயிலின் நிறைபுத்தரிச் சடங்குக்கான கதிர் இங்கே விளைந்தது என்பது ஊர் வழக்கு. (நாஞ்சில்நாட்டு நண்பர்களுக்கு இச்சடங்கை விளக்க வேண்டியதில்லை.)

இந்நகரின் பெயர்களில் இத்தகைய நிலம் நிறையக் கிடக்கிறது. புளிமூடு புளியமரத்தடி, பிலாமூடு பலாமரத்தடி. வழுதக்காடு என்னும் பெயரில் கத்தரிக்காயைக் குறிக்கும் பழஞ்சொல்லான வழுதுணையைக் காண எனக்கு ஆசை. மெய்ப்பிக்கச் சான்று போதாது. நகருக்குள் உணவு விளைவிப்பதை மேலைநாட்டுப் புதுமையாகக் கருத்தரங்குகளில் அறிமுகம் செய்யும்போது இப்பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. விளைநிலம் இங்கே இருந்தது. நிலமற்ற நகரவாசிக்கு அதில் ஒரு பங்கு கிடைத்ததா என்பதே வரலாற்றுக் கேள்வி.

பிரிட்டனில் அந்தப் பங்கு சட்டமாயிற்று. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மக்கள் கேட்டால் தோட்டப் பங்குகளை ஏற்படுத்தித் தருவது உள்ளாட்சியின் கடமை. ஒரு பங்கின் வழக்கமான அளவு 10 ராடு, அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். 1925ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் முக்கியமானது: இதற்கென உள்ளாட்சி வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதலின்றி விற்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ இயலாது. லண்டன் போன்ற நெருக்கமான நகரத்திலும் அவரைப் பந்தல்கள் இன்றுவரை நிற்பதற்கு ஆங்கிலேயரின் தோட்டப் பற்றைக் காரணமாகச் சொல்வார்கள். நான் இந்த விதியைச் சொல்வேன்.

திருவனந்தபுரத்தின் பாதை வேறு. 1859இல் அருங்காட்சியக வளாகத்தில் விலங்குக்காட்சிச்சாலையும் பூங்காவும் அமைந்தன. உலாவவும் பார்க்கவும் உரிய பசுமை அது. மண்ணைக் கொத்துவதற்கு உரியதன்று. நம் நகரத் திட்டங்கள் இன்றும் பெரும்பாலும் அந்தப் பூங்காவின் வழித்தோன்றல்களே. பசுமைவெளியைப் பரப்பளவால் கணக்கிடும் அட்டவணையில் புல்தரையும் கீரைப்பாத்தியும் ஒன்றுதான்.

எளியவர் கைக்கு மண் வந்தது வேறு வழியில். 1970 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத்தில், பிறர் நிலத்தில் குடிசையிட்டிருந்த குடிகிடப்புக்காரர் தம் குடியிருப்பு நிலத்தை வாங்கும் உரிமை பெற்றனர்: ஊராட்சியில் 10 சென்ட், பெருநகரில் 3 சென்ட். வீடும் கிணறும் போக ஒரு முருங்கைக்கும் வாழைக்கும் இடமிருந்திருக்கும். 3 சென்ட் என்பது சுமார் 121 சதுர மீட்டர். பிரிட்டிஷ் பங்கில் ஏறக்குறைய பாதி. நம் வரலாற்றில் சமூகத் தோட்டத்துக்கு மிக நெருங்கிய உறவு இந்த 3 சென்ட்தான் என்பது என் கருத்து. ஆனால் அது குடும்பச் சொத்து. பாகப்பிரிவினையிலும் கட்டட நெருக்கத்திலும் கரையக்கூடியது.

2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டமும் எஞ்சிய வயலை வயலாக வைத்திருக்க முயல்வதே. வேளாண் துறை ஊக்குவிக்கும் மாடித்தோட்டப் பைகளால் வெண்டையும் தக்காளியும் விளைகின்றன, மகிழ்ச்சிதான். வாடகை வீட்டில் மொட்டைமாடி யாருடையது?

ஆகவே நகரத் திட்டமிடல் பயிலும் மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். மாநகராட்சிக்குச் சொந்தமான சும்மா கிடக்கும் மனைகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை 3 சென்ட் கண்டங்கள் தேறும், தண்ணீர் எங்கிருந்து வரும், குத்தகை எத்தனை ஆண்டு, மாற்றுப் பயனைத் தடுக்கும் விதி எது என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.