வினிகர்

வினிகர் (காடி) இருமுறை நொதித்து உருவாகும் புளிப்பு நீர்மம். பழச்சாறு, பதநீர், கரும்புச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையையோ வேகவைத்த தானியத்தின் மாவுச்சத்திலிருந்து பெறும் சர்க்கரையையோ ஈஸ்ட் முதலில் ஆல்கஹாலாக மாற்றுகிறது. பின்னர் அசிட்டிக் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. திறந்து வைத்த கள்ளும் ஒயினும் தாமாகவே இந்த வழியில் புளித்துவிடும் என்பதால், வினிகரைக் கண்டுபிடித்தவர் என்று எவரையும் சுட்ட முடியாது. மது வடிக்கத் தெரிந்த சமூகங்கள் பலவும் அதைத் தனித்தனியே அறிந்திருக்க வேண்டும்.

ஊறுகாயில் இதன் வேலை எளியது. காய்கறியின் அமிலத்தன்மையை உயர்த்தி, பிஎச் அளவை 4.6-க்குக் கீழே கொண்டுவந்தால், உயிர்கொல்லி நஞ்சைச் சுரக்கும் பொட்டுலினம் பாக்டீரியா அதில் வளராது. ஆனால் உலகின் எல்லா ஊறுகாய்களுக்கும் வினிகர் தேவைப்படுவதில்லை. கொரியாவின் கிம்ச்சியும் ஜெர்மனியின் சவர்கிராட்டும் உப்பில் ஊறி, லாக்டிக் அமிலத்தால் புளிக்கின்றன. தமிழ்நாட்டின் வடுமாங்காயும் உப்பு நார்த்தங்காயும் உப்பையும் வெயிலையும் நம்பி நிற்பவை.

பாபிலோனியர் பேரீச்சையிலிருந்து வினிகர் செய்தனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அது கி.மு. 3000 வரை பின்னோக்கிச் செல்லும் என்று பல நூல்கள் எழுதினாலும், அந்தக் காலக்கணக்கு எவ்வளவு உறுதியானது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

ரோமானியர் காலத்தில் சான்றுகள் கூடுகின்றன. புளித்த ஒயினைத் தண்ணீரில் கலந்த 'போஸ்கா' படைவீரர்களின் அன்றாடப் பானமாக இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா, அதன் 12-ஆம் பகுதியில் கீரை, தண்டு, காய் ஆகியவற்றை வினிகரிலும் உப்புநீரிலும் பதப்படுத்தும் முறைகளை விரிவாகத் தருகிறார். ரோமானியர் காலத்தைச் சேர்ந்த இரண்டு கதைகள் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. கி.மு. 218-இல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்த கார்த்தேஜ் தளபதி ஹானிபல், வழியை மறித்த பாறையைத் தீயால் சுட்டு, வினிகர் ஊற்றிப் பிளந்தார் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. ஹானிபலின் காலத்துக்கு இன்னும் நெருக்கமான கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கிளியோபாட்ரா ஒரு முத்தை வினிகரில் கரைத்துக் குடித்தார் என்பது ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் செய்தி. முத்து வினிகரில் கரையும் என்பது உண்மைதான். ஆனால் விருந்து முடிவதற்குள் கரைந்துவிடும் வேகத்தில் கரையாது.

சீனாவில் 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜியா சிசியே தம் வேளாண் கலைநூலில் இருபதுக்கும் மேற்பட்ட வினிகர் முறைகளை எழுதிவைத்தார். தினை, அரிசி, கோதுமை எனத் தானியந்தோறும் முறை வேறுபடுகிறது. ஷான்சி மாகாணத்தில் சோளத்திலிருந்து எடுக்கும் வினிகரைக் கோடையில் வெயிலில் வைத்து வற்றவைத்து, குளிர்காலத்தில் மேலே உறையும் பனிக்கட்டியை அள்ளி எறிந்து கெட்டிப்படுத்துவர். ஜப்பானின் ஹண்டா ஊரில் சாக்கே வடித்துவந்த நக்கானோ மத்தாசயெமோன், 1804-இல் சாக்கே வடித்தபின் எஞ்சிய சக்கையிலிருந்து வினிகர் செய்யத் தொடங்கினார். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத் தெருக்களில் சுஷி விற்றவர்களிடம் அது பரவியது. சோற்றுக்குப் புளிப்பேற்ற நீண்ட நாள் காத்திருக்க வேண்டிய தேவையை இந்த மலிவான வினிகர் போக்கியது.

பாரசீக, அரபுச் சமையலில் வினிகருக்கு உயர்ந்த இடம் இருந்தது. இறைச்சியை வினிகரிலும் இனிப்பிலும் வேகவைக்கும் 'சிக்பாஜ்' சாசானிய அரசர்களின் விருப்ப உணவு என்று கூறப்படுகிறது. 10-ஆம் நூற்றாண்டுப் பாக்தாத் சமையல் நூலில் அதன் செய்முறைகள் உள்ளன. ஸ்பெயினின் 'எஸ்கபேச்சே' இதன் வழிவந்தது என்பதைப் பலரும் ஏற்கின்றனர்.

ஆவணங்கள் பெருகிக் கிடப்பது பிரான்சின் ஓர்லியான் நகரத்தைப் பற்றித்தான். லுவார் ஆற்றின் வழியே படகில் வந்த ஒயின் பீப்பாய்கள் பாரீசுக்குத் தரைவழி செல்ல இங்கே இறக்கப்பட்டன. பயணத்தில் புளித்துப்போனவை இங்கேயே தங்கின. நாளடைவில் புளித்த ஒயினே நகரத்தின் முதன்மைத் தொழிலாயிற்று. வினிகர் செய்வோரின் கைவினைஞர் சங்கத்துக்கு 1394-இலேயே விதிமுறைகள் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 300 பட்டறைகள் இயங்கியதாகக் கூறுவர்.

ஓர்லியான் முறை பொறுமையைக் கேட்பது. படுக்கவைத்த ஓக் பீப்பாயில் ஒரு பங்கு நல்ல வினிகரை ஊற்றி, காற்றுக்காக மேலே இடம் விட்டு, துளைகளைத் திறந்து வைப்பர். அதில் சிறிது சிறிதாக ஒயினைச் சேர்ப்பர். சில நாட்களில் நீர்மத்தின் மேல் மெல்லிய ஆடை படரும். அதைத் 'தாய்' என்று அழைத்தனர். ஆடை கிழிந்தால் அடியில் மூழ்கிவிடும், நொதிப்பும் நின்றுபோகும். ஆகவே புது ஒயினை நீண்ட குழாயுள்ள புனலால் ஆடைக்குக் கீழே இறக்கினர். முதிர்ந்த வினிகரில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, எடுத்த அளவுக்கு ஒயினை நிரப்பினர். நன்றாகப் பேணிய பீப்பாய் பல ஆண்டுகள் இடைவிடாமல் வேலை செய்தது. பாக்டீரியா என்ற ஒன்று உண்டு என்று அறியாத தொழிலாளர், அதற்கு என்ன வேண்டும் என்பதைக் கையாலும் மூக்காலும் அறிந்துவைத்திருந்தனர்.

இதே காலத்தில் கொள்ளைநோய்க்கு மருந்தாகவும் வினிகர் விற்றது. மூலிகைகள் ஊறிய 'நான்கு திருடர் வினிகரை'ப் பூசிக்கொண்டு, நோயால் இறந்தவர்களின் வீடுகளில் அஞ்சாமல் திருடிய நால்வரின் கதை பரவலானது. இது 17-ஆம் நூற்றாண்டில் துலூஸ் நகரில் நடந்தது என்பர் சிலர். 1720-இல் மார்சேய் கொள்ளைநோயின்போது என்பர் வேறு சிலர்.

புளிப்பை விரைவுபடுத்தும் முயற்சி ஹாலந்தில் தொடங்கியது. லைடன் பேராசிரியர் பூர்ஹாவே, கொடிக்காம்புகள் நிரப்பிய இரண்டு தொட்டிகளுக்கிடையே ஒயினை மாற்றி மாற்றி ஊற்றும் முறையை விவரித்தார். காம்புகளின் மேல் மெல்லிய படலமாக ஒட்டும் ஒயினுக்குக் கூடுதல் காற்று கிடைத்தது. 1823-இல் ஜெர்மனியின் ஷூட்சன்பாக், பீச் மரச்சீவல் நிரம்பிய உயரமான தொட்டியில் மதுவைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, மாதக்கணக்கான வேலையை நாட்கணக்காகக் குறைத்தார்.

ஆனால் எது புளிக்கவைக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இது வெறும் வேதிவினை என்றார் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக். அதற்கு ஆதரவும் இருந்தது: பிளாட்டினத் தூளும் ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும் என்று வேதியியலாளர் டோபரைனர் காட்டியிருந்தார். லூயி பாஸ்டர் 1860-களில் ஓர்லியான் பீப்பாய்களை ஆராய்ந்து, ஆடை உயிருள்ளது, ஆக்சிஜனை ஆல்கஹாலுக்குக் கடத்துவது அதுவே என்றார். வினிகர் செய்யும் தம் முறைக்கு 1861-இல் காப்புரிமை பெற்றார். 1867 நவம்பரில் ஓர்லியானுக்கே சென்று வினிகர் உற்பத்தியாளர்கள் முன் உரையாற்றினார். அந்த ஆய்வு மறு ஆண்டு நூலாக வந்தது. மியூனிக் ஆலையொன்றில் 25 ஆண்டுகள் பயன்பட்ட மரச்சீவல்களில் உயிரினத்தின் தடயமே இல்லை என்று லீபிக் மறுத்தார். அந்தச் சீவல்களைப் பாரீசுக்கு அனுப்பினால் உருப்பெருக்கியில் காட்டுவதாகப் பாஸ்டர் பதில் அளித்தார். சீவல்கள் வரவில்லை, 1873-இல் லீபிக் காலமானார்.

பாஸ்டரின் நூலில் மறக்க முடியாத பகுதி வினிகர்ப் புழுக்களைப் பற்றியது. இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள, மனிதருக்குத் தீங்கு செய்யாத நூற்புழுக்கள் இவை. ராபர்ட் ஹூக் 1665-இலேயே தம் 'மைக்ரோகிராஃபியா'வில் இவற்றை விவரித்திருந்தார். பழைய பீப்பாய்களில் இவை திரள்திரளாக நெளிந்தன. வினிகர் விளைய இவையும் வேண்டும் என்று ஓர்லியான் தொழிலாளரில் சிலர் நம்பியதாகத் தெரிகிறது. பாஸ்டர் கண்டது நேர்மாறானது. புழுவுக்கும் ஆக்சிஜன் வேண்டும், ஆடைக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆடை முழுதாகப் படர்ந்தால் புழுக்கள் மூச்சுமுட்டிப் பீப்பாயின் ஓரங்களுக்கு ஒதுங்கும். புழுக்கள் பெருகினால் ஆடையைக் கூட்டமாக இழுத்து மூழ்கடிக்கும். இருட்டுப் பீப்பாய்க்குள் ஓயாமல் நடந்துவந்த இந்தப் போரை அவர் ஆர்வத்தோடு எழுதியிருக்கிறார். வினிகரைச் சூடாக்கினால் புழுக்கள் மடியும் என்றும் பரிந்துரைத்தார். ஆடை எதனால் ஆனது என்பதும் பின்னர் தெரிந்தது: 1886-இல் வேதியியலாளர் ஏ. ஜே. பிரவுன், கெட்டியான 'தாய்' ஆடையைப் பிணைப்பது செல்லுலோஸ் என்று கண்டார்.

ஆசியாவில் வினிகர் பெரும்பாலும் தென்னை, பனை மரங்களோடு பிணைந்தது. 1510-இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியர், ஒயினிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தனர். ஒயின் அரிதாக இருந்த அங்கே தென்னங்கள் வினிகர் அதன் இடத்தைப் பிடித்தது, விந்தாலு பிறந்தது. பிலிப்பைன்சில் 1613-இல் அச்சான தகாலோகு அகராதியிலேயே உள்ளூர் மக்களின் அடோபோ பற்றிய குறிப்பு உண்டு. ஸ்பானியர் வருவதற்கு முன்பே வினிகரில் இறைச்சி சமைக்கும் வழக்கம் அங்கு இருந்தது என்பது பலரின் கருத்து. இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து வினாகிரி செய்யும் தொழில் தொடர்கிறது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அரைத்த கடுகு சேர்ந்த மலாய் அச்சாறு அதில்தான் ஊறுகிறது. தமிழர் வீடுகளிலும் அந்த அச்சாறு உண்டு.

இத்தாலியின் மொதெனா மரபுவழிப் பால்சமிக் வினிகர் ஒயினிலிருந்து வருவதில்லை. காய்ச்சிய திராட்சைச் சாற்றிலிருந்து வருகிறது. அது குறைந்தது 12 ஆண்டுகள் மரப்பீப்பாய்களில் முதிர வேண்டும். 1046-இல் வருங்காலப் பேரரசர் மூன்றாம் ஹென்றிக்குக் கனோசாவிலிருந்து அனுப்பிய வினிகர் இதுவே என்று சொல்வதுண்டு. அது சாதாரண ஒயின் வினிகராகவும் இருந்திருக்கலாம்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹ்ரோமட்காவும் எப்னரும் காற்றை நீர்மத்துக்குள்ளேயே ஊதி நொதிக்கவைக்கும் முறையை உருவாக்கினர். இப்போது ஆலைகளில் ஓரிரு நாளில் வினிகர் தயாராகிறது. ஓர்லியான் நிறுவனங்களில் 1797-இல் தொடங்கிய மார்ட்டின் பூரே மட்டுமே பழைய முறையில் எஞ்சியுள்ளது. ஆப்பிள் வினிகர் உடல் எடையைக் குறைக்கும் என்ற பேச்சு அண்மையில் பெருகினாலும், அதற்கான சான்றுகள் வலுவானவை என்று கூற முடியாது. நீர் கலக்காமல் குடித்தால் பல்லின் எனாமல் அரிக்கப்படும் என்பது உறுதி. இந்தியக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பெரும்பகுதி நொதிக்கவைத்தது அல்ல, அசிட்டிக் அமிலத்தில் நீர் கலந்தது. ஊறுகாய்க்கு வாங்குவோர் புட்டியின் சீட்டில் 'செயற்கை' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.