வாரியமும் கறவை மாடும்

கோவில்பட்டியை ஒட்டிய மந்தித்தோப்பில் திருநங்கைகள் தாங்களே உறுப்பினர்களாக இருந்து நடத்தும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 2020இல் தொடங்கியது. நாட்டிலேயே இது முதல் முறை என்று பத்திரிகைகள் அப்போது எழுதின. குடியிருக்க வீடு, வாங்க மாடு, கறந்த பாலை ஊற்ற ஒரு சங்கம் என்று மூன்றும் ஒரே இடத்தில் கூடிவந்தன. கரிசலில் இதன் பொருள் என்னவென்று விவசாயிக்குத் தெரியும். உளுந்தும் கம்பும் மக்காச்சோளமும் ஐப்பசி மழையை நம்பி நிற்கும் மானாவாரிப் பூமி இது. மழை பொய்த்த வருஷம் வீட்டில் சில்லறை புழங்குகிறது என்றால் தீப்பெட்டி ஆபீஸ் கூலியாக இருக்கும், இல்லாவிட்டால் பால் காசாக இருக்கும். கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைத்தவர்களுக்கு அந்தப் பால் காசு வந்து சேர்ந்தது.

அந்தக் குடியிருப்புக்குப் பெயர் சந்தீப் நகர். தமிழ்நாட்டில் அரசு கட்டிக் கொடுத்த குடியிருப்புக்கு அண்ணா பெயரோ எம்ஜிஆர் பெயரோ கலைஞர் பெயரோ அம்மா பெயரோ வைப்பதுதான் வழக்கம். இங்கே மாவட்ட ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரியின் பெயர் நிலைத்துவிட்டது. ஸ்டெர்லைட் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் 2018இல் தூத்துக்குடிக்கு அனுப்பப்பட்டவர் அவர். இந்தத் திட்டத்துக்காக விடாமல் அலைந்தவர் கிரேஸ் பானு. தலித் திருநங்கை, பொறியியல் படித்தவர், இந்த மாவட்டத்துக்காரர். அன்று நடந்தது அதிமுக ஆட்சி. கோவில்பட்டி எம்எல்ஏ கடம்பூர் ராஜு அமைச்சராகவும் இருந்தார். அப்படியிருந்தும் ஊர்ப் பலகையில் கட்சியின் பெயர் ஏறவில்லை.

பாலினச் சிறுபான்மையினருக்கு எந்தக் கழகம் அதிகம் செய்தது என்று கேட்டால், சென்னையில் யோசிக்காமல் திமுக என்பார்கள். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் மந்தித்தோப்பிலிருந்து பார்த்தால் கணக்கு அவ்வளவு நேராக வருவதில்லை. இரு கழகங்களும் கொடுத்திருக்கின்றன. கொடுத்த விதம்தான் வேறு. கொடுக்க மறுத்ததில் இரண்டும் வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றுபோல இருக்கின்றன.

திமுகவின் கணக்கு 2006 டிசம்பரில் ஓர் அரசாணையில் தொடங்குகிறது. பாலின அடையாளத்தைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ கல்லூரியிலோ யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது, பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்தும் பெற்றோருக்கு ஆலோசனை தர வேண்டும் என்றது அந்த ஆணை. 2008 ஏப்ரல் 15 அன்று நலவாரியம் அமைந்தது. கருணாநிதி முதல்வர், சமூக நலத் துறை அமைச்சர் ஆலங்குளம் தொகுதியின் பூங்கோதை ஆலடி அருணா. இந்தியாவில் எந்த மாநிலத்திலும் அதற்கு முன் இப்படி ஒரு வாரியம் கிடையாது. ரேஷன் கார்டில் தனி இடமும் அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சையும் அந்த ஆட்சிக் காலத்திலேயே வந்தன. உச்ச நீதிமன்றம் நல்சா வழக்கில் மூன்றாம் பாலினத்தை ஏற்றது 2014 ஏப்ரல் 15இல்தான். ஆறு ஆண்டு முந்திக்கொண்ட ஒரு மாநில அரசைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

2021க்குப் பிறகும் திமுகவின் கை அதே பாணியில்தான் இயங்கியது. பெண்களுக்கு அறிவித்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் திருநங்கைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் நர்த்தகி நடராஜ் உறுப்பினரானார். உயர்கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்று 2024 நிதிநிலை அறிக்கை சொன்னது. 2025 ஜூலை 31 அன்று மாநிலத் திருநர் கொள்கையை மு.க. ஸ்டாலின் வெளியிட்டார். வாரியம், குழு, கொள்கை என்று எல்லாமே காகிதத்தில் உறுதியாக நிற்கும் அமைப்புகள். திமுகவுக்கு அதில்தான் நம்பிக்கை.

அதிமுக அப்படி யோசிக்கிற கட்சியில்லை. 2011இல் ஆட்சிக்கு வந்தபின் வாரியம் சோர்ந்து கிடந்தது என்பது திருநர் அமைப்புகள் பல ஆண்டுகள் சொல்லிவந்த குறை. எதிர்க்கட்சி நட்டுவைத்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவானேன் என்ற தமிழ்நாட்டு நியாயம்தான்! ஆனால் 40 வயதைக் கடந்த ஆதரவற்ற திருநங்கைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் ஓய்வூதியத்தை அறிவித்தவர் ஜெயலலிதா. கையில் விழும் பணம், கட்டிய வீடு, கொட்டகையில் நிற்கும் மாடு. அந்தக் கட்சியின் கொடை எப்போதும் தொட்டுப் பார்க்கக்கூடிய வடிவில் வரும். விலையில்லா ஆடுகளையும் கறவைப் பசுக்களையும் வழங்கிப் பழகிய நிர்வாகத்துக்கு மந்தித்தோப்பு ஒன்றும் புதிய பாதை இல்லை. புதிதாக இருந்தது வரிசையில் நின்றவர்கள்தான்.

அந்தக் கொடையின் பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. ஓர் ஆட்சியரும் ஒரு போராளியும் ஒரே நேரத்தில் ஒரு மாவட்டத்தில் அமைந்ததால் நடந்த காரியம் அது. எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் கயத்தாறுக்கும் இதுவே விதி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. திமுகவின் வாரியம் காகிதத்தில் எல்லா மாவட்டத்துக்கும் உரியது; ஆனால் ஆட்சி மாறினால் அதற்கு மூச்சு வாங்கும். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் நான் வாரியத்தைத்தான் எடுப்பேன். கலைந்து கிடந்தாலும் அதைக் கூட்டச் சொல்லிக் கேட்க ஓர் அரசாணை எண் இருக்கிறது. மாட்டுக் கடனை அடுத்த ஊருக்கும் கொடு என்று கேட்க அப்படி எதுவும் இல்லை.

பணமும் படியும் வீடும் கேட்பவரிடம் இரு கழகங்களும் கனிவாகப் பேசின. வேலையில் பங்கும் திருமணப் பதிவும் கேட்டவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

தூத்துக்குடியிலேயே அதற்கு உதாரணம் உண்டு. 2018 அக்டோபர் 31 அன்று அங்குள்ள சங்கர ராமேஸ்வரர் கோவிலில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். அதிமுக ஆட்சி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசுத் தரப்பு பதிவாளரின் பக்கம்தான் நின்றது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகளில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தார். இடைப்பாலினக் குழந்தைகளுக்கு விவரம் தெரியாத வயதில் பாலினத்தை ‘சரிசெய்யும்’ அறுவை சிகிச்சை கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதையொட்டி ஆகஸ்டிலேயே அதிமுக அரசு தடை ஆணை பிறப்பித்தது. நாட்டில் எந்த மாநிலமும் அதுவரை செய்யாதது. அதிமுகவின் கணக்கில் இதைத் தனியாக எழுத வேண்டும், கட்சிக்காரர்களே இதை மேடையில் சொல்வதில்லை என்றாலும். பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளரானதும் அதே ஆட்சியில்தான். தேர்வு வாரியம் விண்ணப்பத்தை நிராகரித்து, உயர் நீதிமன்றம் 2015இல் குறுக்கிட்ட பிறகு.

திமுகவின் பக்கம் இதற்கு நிகராக நிற்பது சுஷ்மா வழக்கு. வீட்டாருக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் காவல்துறையின் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த இடைக்கால உத்தரவு, பாலியல் விருப்பத்தை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. அதன் தொடர்ச்சியாக 2022இல் திமுக அரசு காவலர் நடத்தை விதிகளில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரையும் அவர்களுக்குத் துணை நிற்போரையும் துன்புறுத்தும் காவலர் மீது நடவடிக்கை எடுக்க அதில் வழி உண்டு. நல்ல திருத்தம், சந்தேகமில்லை. ஆனால் சட்டமன்றத்தில் எந்தக் கட்சியும் தானாக எழுந்து கேட்டு வந்ததல்ல. நீதிபதி தேதி போட்டுத் தேதி போட்டு வாங்கியது.

இடஒதுக்கீட்டுக்கு வருவோம், இங்கேதான் சண்டை சூடானது. 2015இல் அதிமுக அரசு திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. தாராளமான காரியம் போலத் தெரியும். கிரேஸ் பானுவும் தோழர்களும் கேட்டது அதுவல்ல. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கையும் பிற்பட்ட சாதியில் பிறந்த திருநம்பியும் தத்தம் பிரிவுக்குள்ளேயே தனிப் பங்கு பெறும் கிடைமட்ட இடஒதுக்கீடுதான் அவர்கள் கேட்டது. பாலினத்தைச் சாதியாக எண்ணி ஒரு பட்டியலில் தள்ளினால் சாதியும் மறைகிறது, பாலினமும் மறைகிறது என்பது அவர்கள் வாதம். சமூகநீதியில் ஊறிய மண் என்று பேசுகிற கட்சிக்கு இது எளிதில் விளங்கியிருக்க வேண்டும். 2021இல் ஆட்சிக்கு வந்த திமுக அதிமுகவின் ஆணையையே கையில் வைத்துக்கொண்டது. 2023இல் சென்னையில் இதற்காகப் போராடிய திருநர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்து கிடைமட்ட ஒதுக்கீட்டை நோக்கிப் போகச் சொன்னது. இதற்கிடையில் கர்நாடகத்தில் ஒரு சதவீத கிடைமட்ட ஒதுக்கீடு 2021லேயே வந்துவிட்டது. அங்கே அப்போது இருந்தது எடியூரப்பாவின் பாஜக அரசு! அதுவும் வழக்கு போட்ட பிறகுதான் என்றாலும், திராவிடக் கட்சி தயங்கிய இடத்தில் பாஜக அரசு கையெழுத்துப் போட்டது என்பதைத் திமுக நண்பர்களிடம் சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

டெல்லியில் மட்டும் திமுகவுக்கு மறுக்க முடியாத ஒரு பெருமை உண்டு. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று ஒருமனதாக ஏற்றது. ஒரு தனிநபர் மசோதா நாடாளுமன்ற அவையில் நிறைவேறி அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்களவையில் அது நகரவில்லை. மோடி அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அதில் அதிகபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டுதான். தேர்வுக் குழுவுக்கு அனுப்பிப் பரிசீலிக்கக் கேட்ட சிவாவின் தீர்மானம் தோற்றது. அதிமுக அப்போது பாஜகவின் கூட்டணியில் இருந்தது. சிவாவின் மசோதாவோடு வைத்துப் பார்க்கும்படியாக அதிமுகவின் பக்கம் எதுவும் இல்லை.

மேடையில் இடம் தருவதில் இரண்டும் கொஞ்சம் முன்பின். அப்சரா ரெட்டியை 2016இல் அதிமுக செய்தித் தொடர்பாளராக்கியது. அவர் காங்கிரஸுக்குப் போய்த் திரும்பி வந்தார். திமுக வேட்பாளர்களாக நின்று, ரியா திருச்செங்கோடு ஒன்றியத்தில் 2020 ஜனவரியிலும் கங்கா நாயக் வேலூர் மாநகராட்சியில் 2022இலும் வென்றார்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி திருநங்கைகளைப் பற்றியது. காரணம், கழகங்களின் பதிவேட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களுக்கு ஜமாத் என்ற சொந்தக் கூட்டமைப்பு உண்டு, அடையாள அட்டை உண்டு, வாக்காளர் பட்டியலில் தனிக் கட்டம் உண்டு, கூவாகம் திருவிழாவில் பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். தீப்பெட்டி ஆபீஸில் அருகருகே உட்கார்ந்து வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ நினைத்தால் அவர்களுக்கு வாரியமும் இல்லை, மாடும் இல்லை. இந்தக் கரிசலுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. பெண்மனம் கொண்ட ஓர் ஆணை நாயகனாக வைத்து ‘கோமதி’ என்ற கதையை இடைசெவல் கி. ராஜநாராயணன் எழுதி எத்தனையோ காலமாகிறது. அவருக்குக் கோவில்பட்டியில் அரசு மணிமண்டபம் கட்டியது. கோமதியைப் போன்றவர்கள் இன்னும் எந்தக் கொள்கைக்குள்ளும் முழுசாக அடங்கவில்லை.

பால்புதுமையினருக்கான கொள்கையைத் தனியாகவும் திருநர் கொள்கையைத் தனியாகவும் கொண்டுவரப் போவதாக அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. இரண்டையும் சேர்த்து ஒன்றாகவே கொண்டுவரலாமே என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். 2025 ஜூலையில் வெளிவந்தது திருநர் கொள்கை மட்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 22 அன்று, நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் இன்னொரு வழக்கில் ஒரு பெண்ணை அவர் விரும்பிய பெண்ணோடு போகவிட்டு, திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல என்று எழுதியிருந்தார்கள்.

ஒருபால் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்த 2023இல் மத்திய அரசு எல்லா மாநிலங்களிடமும் கருத்துக் கேட்டது. பதில் அனுப்பியவை ஏழு. ஆந்திரமும் அசாமும் காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தானும் எதிர்த்தன. மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், மணிப்பூர், சிக்கிம் அவகாசம் கேட்டன. வாரியத்தை முதலில் அமைத்த தமிழ்நாடு அந்த ஏழில் இல்லை. அதிமுகவும் சட்டமன்றத்தில் இதை ஒரு பிரச்சினையாக்கவில்லை. இந்தக் கேள்வியில் மட்டும் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் அப்படியொரு ஒற்றுமை.

மறுவருஷம், 2024 நாடாளுமன்றத் தேர்தலில், ஒருபால் இணையருக்குச் சட்ட அங்கீகாரம் தருவோம் என்று மார்க்சிஸ்ட் கட்சி அறிக்கையில் எழுதியது. காங்கிரஸும் விரிவான கலந்தாலோசனைக்குப் பின் சட்டம் கொண்டுவருவதாக எழுதியது. இரண்டுமே அப்போது திமுகவின் கூட்டணிக் கட்சிகள். கோவில்பட்டி ஒரு காலத்தில் செங்கொடித் தொகுதி. இந்தியக் கம்யூனிஸ்டின் சோ. அழகர்சாமி திரும்பத் திரும்ப வென்ற ஊர். 2021இல் திமுக இந்தத் தொகுதியை மார்க்சிஸ்ட் கட்சிக்கு விட்டுக்கொடுத்தது. கடம்பூர் ராஜுவா, டிடிவி தினகரனா என்பதே டீக்கடைப் பேச்சாக இருந்த அந்தத் தேர்தலில் ராஜு வென்றார், தினகரன் இரண்டாமிடம், மார்க்சிஸ்ட் வேட்பாளர் சீனிவாசன் மூன்றாமிடம்.